கர்னலுக்குள் இயங்கும் நினைவகம்: ஒதுக்குவதும் திருத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் லினக்ஸ் கர்னலைப் பற்றியது. வேறு செயலி என்று தனியாகச் சொல்லாத இடங்களில் 64 பிட் எக்ஸ்86 என்று கொள்க. பக்க அட்டவணை என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்காக எழுதியது. செயற்கூறுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். மூல நிரலில் தேடுகிறவர்கள் ஒலியை வைத்து எளிதாகக் கண்டுபிடிக்கலாம்.

கர்னல் முன்பே தொகுத்து முடித்த நிரல்தானே? ஓடத் தொடங்கிய பிறகு புதிய கட்டளைகளுக்கு இடம் எதற்கு?

தொகுத்து முடித்தது உண்மைதான், ஆனால் அது அப்படியே இருப்பதில்லை. ஒரு டிரைவரை மாட்யூலாக ஏற்றினால் அதன் கட்டளைகளுக்கு இடம் வேண்டும். பிபிஎஃப் நிரலை (பயனர் கர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் சிறு நிரல்) ஏற்றினால் ஜிட், அதாவது ஓட்டத்தின்போதே தொகுக்கும் பகுதி, அதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றி எங்காவது வைக்க வேண்டும். ஓடும் கர்னலை இடைமறித்து ஆராய உதவும் கேப்ரோப், தான் மறிக்கும் கட்டளையின் நகல் ஒன்றை வேறிடத்தில் வைத்து இயக்குகிறது. செயற்கூறுகளின் அழைப்புகளைத் தடம்பிடிக்கும் எஃப்டிரேஸ், வேறிடத்துக்குத் தாவவைக்கும் சிறு துண்டுகளை (டிராம்போலின்களை) கட்டுகிறது. இவையெல்லாம் புது இடம் கேட்பவை.

இன்னொரு கூட்டம் இடம் கேட்காது. இருக்கும் கட்டளையின் மீதே கை வைக்கும். எஃப்டிரேஸ் ஒவ்வொரு செயற்கூற்றின் வாசலிலும் உள்ள 5 பைட் வெற்றுக் கட்டளையை அழைப்பாக மாற்றும். ஸ்டேடிக் கீ எனப்படும் ஏற்பாடு, அரிதாக மாறும் ஒரு நிபந்தனையைச் சோதிப்பதற்குப் பதிலாகத் தாவல் கட்டளையையே மாற்றி எழுதிவிடும். இரண்டு வேலைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கேள்விகள் எழுகின்றன. முதலில் ஒதுக்குவதைப் பார்த்துவிட்டு, பிறகு திருத்துவதற்கு வருவோம்.

ஒரு பக்கத்தை எழுதவும் இயக்கவும் சேர்த்துத் திறந்துவைத்தால் என்ன குடியா முழுகிப்போகும்?

முழுகும். கர்னலில் பிழை இல்லாத நாள் கிடையாது. பெரும்பாலான பிழைகள் தாக்குபவருக்குத் தருவது, ஏதோ ஒரு முகவரியில் சில பைட்டுகளை எழுதும் வாய்ப்பு மட்டுமே. எழுதவும் இயக்கவும் கூடிய பக்கம் ஒன்று கிடைத்துவிட்டால் அந்தச் சில பைட்டுகளே போதும். மற்ற எல்லாத் தடுப்புகளையும் சுற்றிக்கொண்டு போய்விடலாம். அதனால்தான் 'எழுதலாம் அல்லது இயக்கலாம், இரண்டும் கூடாது' என்ற விதி. ஓபன்பிஎஸ்டி இதைப் பயனர் நிரல்களுக்கு 2003-இலேயே கொண்டுவந்தது. லினக்ஸ் கர்னல் தன் கட்டளைப் பகுதிக்கும் மாட்யூல்களுக்கும் இதையே கடைப்பிடிக்கிறது.

தாக்குதலை விடுங்கள். வழிதவறிய ஒரு சுட்டி கட்டளைப் பகுதியில் எழுதினால், படிக்க மட்டுமேயான பக்கம் அந்த இடத்திலேயே பிழையைக் காட்டிக்கொடுக்கும். எழுதக்கூடிய பக்கமாக இருந்தால் மூன்று நாள் கழித்துத் தொடர்பே இல்லாத ஓரிடத்தில் கர்னல் விழும். காரணம் தேடி அலைய வேண்டியதுதான்.

எழுதி முடிக்கும் வரை மட்டும் இரண்டு அனுமதியும் இருந்தால் பரவாயில்லையா?

இல்லை. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் அந்த மைக்ரோ நொடிகளில் மற்ற செயலிகள் சும்மா இருப்பதில்லை. உங்கள் பணியை இடையில் நிறுத்திவிட்டு அட்டவணையாளர் வேறொன்றை ஓட்டினால், மைக்ரோ நொடி என்று நினைத்தது மில்லி நொடியாக நீளும். அதை வேண்டுமென்றே நீட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் சரியான வரிசை எது?

எழுதலாம், ஆனால் இயக்க முடியாது என்ற நிலையில் இடம் வாங்குங்கள். கட்டளைகளை எழுதி முடியுங்கள். பிறகு எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு இயக்கும் அனுமதியைக் கொடுங்கள். அந்தப் பழைய அனுமதி எந்தச் செயலியின் டிஎல்பியிலும் (பக்க அட்டவணைப் பதிவுகளை நினைவில் வைக்கும் சிறு கேஷ்) மிஞ்சாதபடி துடையுங்கள். கடைசியாகத்தான் அந்த இடத்தின் சுட்டியை மற்றவர் கண்ணில் படும்படி வெளியிட வேண்டும்.

முன்பு 'படிக்க மட்டும்' ஆக்குவது ஓர் அழைப்பு, 'இயக்கலாம்' ஆக்குவது இன்னோர் அழைப்பு என்று இருந்தது. வரிசையைத் தலைகீழாக எழுதிவிட்டால் நடுவில் இரண்டு அனுமதியும் சேர்ந்த ஓர் இடைவெளி திறக்கும். கர்னலின் 6.2 பதிப்பில் வந்த செட்_மெமரி_ராக்ஸ் இரண்டையும் ஒரே அழைப்பில் செய்கிறது. தவறு செய்ய வழியே இல்லாமல் ஆக்கும் இந்த மாதிரி இடைமுகங்கள், எத்தனை பக்க ஆவணத்தைவிடவும் மேல் என்பது என் எண்ணம்.

கிமாலாக் செய்து வாங்கிய இடத்தையே இயக்கக்கூடியதாக மாற்றிவிடலாமே?

கூடாது. கர்னலின் வழக்கமான நினைவக ஒதுக்கியான கிமாலாக் தரும் துண்டு இருக்கும் பக்கத்தில் யார் யாருடைய தரவோ இருக்கும். அனுமதி என்பது பக்கத்துக்குத்தான், துண்டுக்கு அல்ல.

தூரமும் ஒரு சிக்கல். எக்ஸ்86-இல் நேரடி அழைப்புக் கட்டளை 32 பிட் இடப்பெயர்ச்சியைத்தான் சுமக்கும். முன்னும் பின்னும் 2 ஜிபிக்கு மேல் எட்டாது. கர்னலின் கட்டளைப் பகுதி முகவரி வெளியின் உச்சியில் இருக்கும் கடைசி 2 ஜிபிக்குள் இருக்கிறது. அதனால் மாட்யூல்களும் அதே 2 ஜிபிக்குள் ஒதுக்கப்பட்ட பகுதியில்தான் உட்கார வேண்டும். கர்னல் முகவரியைக் கலைத்துப் போடும் வசதி இயக்கத்தில் இருந்தால் அந்தப் பகுதி ஏறத்தாழ 1 ஜிபி. 64 பிட் ஆர்ம் செயலியில் நேரடி அழைப்பு எட்டுவது 128 எம்பி மட்டுமே; அதற்கு அப்பால் போக இடைத்தாவல் துண்டு ஒன்று வேண்டும். 64 பிட் முகவரி வெளி கடல்போல் விரிந்து கிடந்தாலும், கட்டளைகள் குடியிருக்கக்கூடிய இடம் குறைவு.

ஒரே பக்கத்துக்கு இரண்டு முகவரி என்கிறார்களே, அது என்ன?

பலர் கோட்டைவிடும் இடம் இது. கர்னல் இயற்பியல் நினைவகம் முழுவதையும் 'நேரடி வரைபடம்' என்ற ஒரு பகுதியில் தொடர்ச்சியாக வரைந்து வைத்திருக்கிறது. மாட்யூலுக்கு என்று வாங்கிய பக்கத்துக்கு மாட்யூல் பகுதியில் ஒரு முகவரி, நேரடி வரைபடத்தில் இன்னொரு முகவரி. மாட்யூல் பகுதியில் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு நேரடி வரைபடத்தில் விட்டுவைத்தால், முன்வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான். ஆகவே அனுமதியை மாற்றும்போது அந்த இரண்டாம் முகவரியிலும் மாற்ற வேண்டும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. நேரடி வரைபடம் 2 எம்பி, 1 ஜிபி என்று பெரிய பக்கங்களால் ஆனது. அதனால்தான் டிஎல்பியில் குறைந்த இடத்தில் அடங்குகிறது. நடுவில் 4 கேபிக்கு மட்டும் அனுமதி மாறினால் அந்தப் பெரிய பக்கம் 4 கேபித் துண்டுகளாக உடைய வேண்டும். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன பிபிஎஃப் நிரல்களை ஏற்றி இறக்கும் சேவையகத்தில் நேரடி வரைபடம் சல்லடையாகிவிடும். அதன் பாரத்தை பிபிஎஃப்புக்குத் தொடர்பே இல்லாத நிரல்கள் சுமக்கும்.

அந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள்?

2022-இல் 5.18 பதிப்பில் சாங் லியூ கொண்டுவந்த பிபிஎஃப் ப்ரோக் பேக் மூலம். ஒவ்வொரு நிரலுக்கும் தனிப் பக்கம் தருவதை விட்டுவிட்டு, பெரிய தொகுதி ஒன்றை எடுத்து 64 பைட் துண்டுகளாகப் பங்கிடுகிறார்கள். தொகுதி எப்போதும் படிக்கவும் இயக்கவும் மட்டுமே. ஜிட் தன் கட்டளைகளை வேறொரு சாதாரண இடையகத்தில் கட்டுகிறது. முடிந்ததும் திருத்தும் வழிமுறை அவற்றைத் தொகுதிக்குள் நகலெடுக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம்: கட்டுவது இடையகத்தில் என்றாலும், தாவல் தூரங்களைக் கணக்கிடுவது இறுதி முகவரியை வைத்துத்தான். இதை மறந்தால் நகலெடுத்த நிரல் எங்கேயோ தாவும்.

வந்த வேகத்தில் சில காயங்களும் பட்டன. புதிதாக எடுத்த தொகுதியில் முன்பிருந்த குப்பைப் பைட்டுகள் அப்படியே இயக்கக்கூடிய நிலையில் கிடந்தன. பிறகுதான் புதிய தொகுதி முழுவதையும் செல்லாத கட்டளைகளால் நிரப்பும் திருத்தம் வந்தது. பெரிய பக்கங்களைப் பரவலாகப் பயன்படுத்தும் மாற்றமும் 5.18 வெளியீட்டுக்கு முன்பே பின்வாங்கப்பட்டு, பின்னர் கவனமாகத் திரும்பியது.

மாட்யூல்_அல்லாக் போய் எக்ஸெக்மெம் வந்தது ஏன்?

கட்டளைகளுக்கு இடம் ஒதுக்கும் மாட்யூல்_அல்லாக் பெயரளவில் மாட்யூலுக்கானது. நடைமுறையில் கேப்ரோப், எஃப்டிரேஸ், பிபிஎஃப் எல்லாம் அதன் வாசலில்தான் நின்றன. விளைவு வேடிக்கையானது: மாட்யூல் வசதியே வேண்டாம் என்று கர்னலைத் தொகுத்தால் கேப்ரோப்பும் கிடைக்காது. இரண்டுக்கும் கொள்கையளவில் எந்த உறவும் இல்லை.

மைக் ராப்போபோர்ட் எழுதிய எக்ஸெக்மெம் 2024-இல் 6.10 பதிப்பில் சேர்ந்தது. மாட்யூலின் கட்டளை, மாட்யூலின் தரவு, கேப்ரோப், எஃப்டிரேஸ், பிபிஎஃப் என்று கேட்பவர் தன் வகையைச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்த வகைக்கு எந்த முகவரி எல்லை, என்ன அனுமதி என்பதை ஒவ்வொரு செயலிக் கட்டமைப்பும் ஓர் அட்டவணையில் நிரப்பிக் கொடுத்துவிடும். கேப்ரோப்புக்கு மாட்யூல் வசதி தேவை என்ற கட்டாயமும் இதோடு நீங்கியது.

அடுத்த படி, பெரிய இயக்கப் பக்கங்களைச் சேமித்து வைத்து மாட்யூல்களுக்கும் அதிலிருந்தே பங்கிடுவது. அது 6.13 உருவாகிக்கொண்டிருந்தபோது எக்ஸ்86-க்கு வந்தது. மாட்யூலை ஏற்றும்போது அதன் கட்டளைகளில் பல திருத்தங்கள் நடக்கின்றன. பக்கமோ ஏற்கெனவே படிக்க மட்டுமேயானது. அதனால் எழுதக்கூடிய நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தமும் 'இது எந்த முகவரி, நகலா உண்மையா' என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியதாயிற்று. அழைப்பு இலக்குகளைச் சரிபார்க்கும் பாதுகாப்பு வசதியின் சில வகைகள் அதில் சிக்கி விழுந்தன. 6.13 வெளியாகும் முன்பே இந்தப் பங்கிடும் முறையை அணைத்துவிட்டு, பின்னால் அணுகுமுறையை எளிமையாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

விமாலாக்_எக்ஸெக் என்று ஒன்று இருந்ததே?

இருந்தது, எழுதவும் இயக்கவும் சேர்த்தே இடம் தந்தது. 2020-இல் 5.8 பதிப்பில் நீக்கப்பட்டது. 2023 மே மாதம் பிகேஷ்எஃப்எஸ் கோப்பு முறைமையை எழுதும் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் அதைத் திரும்பக் கேட்டார். பி-மரத்தின் சாவிகளைப் பிரித்தெடுக்கும் சிறு செயற்கூறுகளை ஓட்டத்தின்போதே உருவாக்கினால் வேகம் கூடும் என்பது அவர் வாதம். கட்டளைகளை உருவாக்குவது யாருக்கும் பிரச்சினையாக இல்லை. எழுதவும் இயக்கவும் கூடிய பக்கத்தையும், செயலிகளை ஒத்திசைக்காமல் அதில் எழுதுவதையும்தான் மற்றவர்கள் எதிர்த்தார்கள். அந்த வசதி திரும்பவில்லை; அது இல்லாமலேயே பிகேஷ்எஃப்எஸ் 6.7-இல் சேர்ந்தது. வேகம் பற்றிய அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். கேட்ட கருவிதான் தவறு.

ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நேரடியாக மேலெழுதினால் என்ன?

5 பைட் கட்டளையை மாற்றுகிறீர்கள். அது இரண்டு கேஷ் வரிகளுக்கு நடுவே விழுந்திருக்கலாம். நீங்கள் எழுதும் அதே நேரத்தில் இன்னொரு செயலி அதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அதற்குக் கிடைப்பது பழையதில் இரண்டு பைட்டும் புதியதில் மூன்று பைட்டுமாகப் பிறந்த, யாரும் எழுதாத ஒரு கட்டளை. இன்னொரு செயலி ஓட்டும் கட்டளைகளை மாற்றுவதற்கு இன்டெல் ஆவணமே தனி நெறிமுறை வைத்திருக்கிறது: மாற்றத்துக்குப் பின் அந்தச் செயலி தன்னை ஒத்திசைக்கும் கட்டளை ஒன்றை இயக்கியாக வேண்டும்.

பழைய தீர்வு, எல்லாச் செயலிகளையும் நிறுத்திவைத்துவிட்டு எழுதுவது. சரியானதுதான், ஆனால் செயலிகள் நிறைந்த இயந்திரத்தில் அத்தனையும் கைகட்டி நிற்கும்.

இன்றைய வழி பிரேக்பாயின்ட் கட்டளையை வைத்து ஆடுவது. ஐஎன்டி3 ஒரே ஒரு பைட், மதிப்பு 204. முதலில் பழைய கட்டளையின் முதல் பைட்டில் மட்டும் அதை எழுதுகிறார்கள். ஒரு பைட்டை எழுதுவதில் பாதி என்ற நிலை கிடையாது. பிறகு எல்லாச் செயலிகளுக்கும் குறுக்கீடு அனுப்பி ஒத்திசைக்கச் செய்கிறார்கள். இப்போது யார் வந்தாலும் முதல் பைட்டிலேயே பொறியில் மாட்டுவார்கள். அதன் பின்னால் இருக்கும் நான்கு பைட்டுகளை யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த நான்கையும் எழுதி, மீண்டும் ஒத்திசைத்து, கடைசியில் முதல் பைட்டுக்குப் புதிய மதிப்பைத் தந்து இன்னொரு முறை ஒத்திசைக்கிறார்கள்.

நடுவில் பொறியில் மாட்டிய செயலி காத்திருப்பதில்லை. பொறியைக் கையாளும் செயற்கூறு, புதிய கட்டளை என்ன செய்திருக்குமோ அதைத் தானே செய்து காட்டிவிட்டு வழியனுப்புகிறது: தாவல் என்றால் தாவிய இடத்துக்கு, அழைப்பு என்றால் திரும்பும் முகவரியை அடுக்கில் வைத்துவிட்டு அழைத்த இடத்துக்கு. கர்னலில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடுகளில் இது ஒன்று. எஃப்டிரேஸ் பல்லாயிரம் இடங்களை ஒரே நேரத்தில் மாற்றும்போது ஒவ்வொன்றுக்கும் இத்தனை சுற்றுக் குறுக்கீடு அனுப்பினால் கட்டுப்படியாகாது. ஆகவே பல முகவரிகளைத் தொகுத்து, ஒவ்வொரு படியையும் தொகுப்புக்கு ஒரு முறை செய்கிறார்கள்.

பக்கம் படிக்க மட்டுமே என்றால் டெக்ஸ்ட்_போக் எப்படி எழுதுகிறது?

டெக்ஸ்ட்_போக் என்பது மேலே சொன்ன திருத்தங்களை எழுதும் செயற்கூறு. அது எழுதுவது வேறொரு முகவரி வழியாக. 2019-இல் 5.2 முதல், இதற்கென்றே ஒரு தனி முகவரி வெளி வைத்திருக்கிறார்கள். குறுக்கீடுகளை அணைத்து, அந்த வெளிக்கு மாறி, அதில் தற்செயலாகத் தேர்ந்த ஒரு முகவரியில் அந்தப் பக்கத்தை எழுதக்கூடியதாக வரைந்து, எழுதி, வரைவை அழித்து, பழைய வெளிக்குத் திரும்புகிறது. எழுதியது சரியாகப் பதிந்ததா என்று ஒப்பிட்டும் பார்க்கிறது. அந்த முகவரி வெளி மற்ற செயலிகளில் ஏற்றப்படவே இல்லை. எனவே அங்கிருந்து யாராலும் அந்த எழுதும் வழியைத் தொட முடியாது. முன்பு இதற்குப் பயன்பட்ட நிலையான முகவரி எல்லாச் செயலிகளுக்கும் தெரியக்கூடியதாக இருந்தது. ஒரே நேரத்தில் இருவர் திருத்தாமல் இருக்க டெக்ஸ்ட்_மியூடெக்ஸ் என்ற பூட்டைப் பிடித்தாக வேண்டும்.

இதில் தவறினால் உண்மையில் என்ன ஆகும்?

வலைப்பின்னல் அட்டை சாகும். 2008-இல் 2.6.27 தயாராகிக்கொண்டிருந்தபோது இன்டெலின் இ1000இ டிரைவர் கொண்ட இயந்திரங்களில் அட்டையின் நிலைநினைவகம் அழிந்துபோனது. எல்லோரும் டிரைவரைச் சந்தேகித்தார்கள். குற்றவாளி எஃப்டிரேஸ்.

அப்போது அது, திருத்த வேண்டிய முகவரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, நொடிக்கு ஒரு முறை விழித்து அவற்றை மாற்றியது. மாட்யூலின் தொடக்கப் பகுதி வேலை முடிந்ததும் விடுவிக்கப்படும்; ஆனால் குறித்துவைத்த முகவரி பட்டியலிலேயே இருந்தது. விடுவித்த முகவரியை இ1000இ தன் ஃபிளாஷ் நினைவகத்தை வரைய எடுத்துக்கொண்டது. எஃப்டிரேஸோ 'பழைய மதிப்பு இருந்தால் மட்டும் மாற்று' என்ற ஒப்பிட்டு மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்தியது. மதிப்பு பொருந்தாதபோது எதுவும் ஆகாது என்பது நம்பிக்கை. எக்ஸ்86-இல் அந்தக் கட்டளை, மதிப்பு பொருந்தாவிட்டாலும் ஓர் எழுத்துச் சுழற்சியை நடத்தும். சாதாரண நினைவகத்தில் அது பழைய மதிப்பையே திரும்ப எழுதுவதால் தெரியாது. சாதனத்தின் பதிவகங்களில் அப்படி அல்ல.

2.6.27.1-இல் அந்த வசதியை அணைத்தார்கள். நொடிக்கு ஒரு முறை விழிக்கும் முறையே பின்னர் ஒழிந்தது. திருத்த வேண்டிய இடங்கள் தொகுக்கும்போதே பதிவாயின. இன்றைய எஃப்டிரேஸ் எழுதும் முன் அங்கே தான் எதிர்பார்த்த பைட்டுகள்தான் இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்கும். இல்லையென்றால் புலம்பிவிட்டுத் தன்னையே அணைத்துக்கொள்ளும்.

ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் செயலிகளிலும் இதேதானா?

இல்லை, எக்ஸ்86-இல் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. எக்ஸ்86-இல் கட்டளைக் கேஷைத் தரவுக் கேஷோடு வன்பொருளே ஒத்துப்போகச் செய்கிறது. 64 பிட் ஆர்மில் அந்த உறுதி பொதுவாக இல்லை. தரவுக் கேஷிலிருந்து துடைத்து வெளியே தள்ளி, தடுப்புக் கட்டளை போட்டு, கட்டளைக் கேஷைச் செல்லாததாக்கி, மீண்டும் தடுப்புப் போட்டு, இயக்கும் செயலி தன் குழாய்த்தொடரையும் காலி செய்ய வேண்டும். ஒரு படியை விட்டால் பழைய கட்டளையே ஓடலாம். அதுவும் எப்போதாவது, சில இயந்திரங்களில் மட்டும். அதற்கு ஈடாக ஒரு வசதி: ஆர்ம் கட்டளைகள் எல்லாம் 4 பைட், தாவல், அழைப்பு, வெற்றுக் கட்டளை போன்ற சிலவற்றை மற்றவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற அனுமதி உண்டு. ரிஸ்க்-ஃபைவில் கட்டளை ஒத்திசைவுக்கான வேலிக் கட்டளை, அதை இயக்கிய செயலிக்கு மட்டுமே செல்லும். மற்றவற்றுக்குத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

விடுவிக்கும்போது கவனிக்க என்ன இருக்கிறது?

சுட்டியை எடுத்துவிட்டால் போதாது; அந்தக் கட்டளைகளின் நடுவில் ஒரு பணி இடைநிறுத்தப்பட்டுத் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆர்சியூ என்பது, படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும் வரை காத்திருந்து விடுவிக்கும் முறை. சாதாரண ஆர்சியூ காத்திருப்பு எல்லா இடத்திலும் போதாது. எஃப்டிரேஸ் டிராம்போலின் போன்றவற்றுக்காகவே, ஒவ்வொரு பணியும் தானாக முன்வந்து செயலியை விட்டுக்கொடுக்கும் வரை காத்திருக்கும் டாஸ்க்ஸ் ஆர்சியூ 2014-இல் வந்தது.

பிறகு அனுமதிகளை மீட்பது. இயக்கும் அனுமதி ஏதோ ஒரு டிஎல்பியில் தங்கியிருக்க, பக்கத்தைப் பொதுக் குவியலுக்குத் திருப்பி, அதை வேறு யாரோ எழுதத் தொடங்கினால், தவிர்க்க நினைத்த அதே நிலைமை பின்வாசல் வழியாக வந்துவிடும். இதற்கென்று விமாலாக்கில் ஒரு கொடி 5.2 முதல் இருக்கிறது. பக்கங்களை வெளியே விடும் முன் டிஎல்பியைத் துடைத்து, நேரடி வரைபடத்தின் அனுமதியையும் மீட்டுவிடும்.

இவ்வளவும் செய்தால் பாதுகாப்பு முழுமையா?

இல்லை. தாக்குபவர் எழுதவே வேண்டாம். ஜிட்டையே எழுத வைக்கலாம். தன் நிரலில் அவர் வைக்கும் மாறிலிகள் ஜிட் உருவாக்கும் கட்டளைகளுக்குள் அப்படியே போய் உட்காரும். நடு பைட்டிலிருந்து ஓட்டினால் அந்த மாறிலிகளே வேறு கட்டளைகளாகத் தெரியும். 2012-இல் லினக்ஸின் பொட்டல வடிகட்டி ஜிட்டை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே கட்டளைகள் தொடங்கும் இடம் தற்செயலாக்கப்பட்டது. 2016-இல் மாறிலிகளை மறைத்து எழுதும் வசதி வந்தது. செயலியின் ஊக இயக்கத்தைப் பயன்படுத்தும் ஸ்பெக்டர் தாக்குதல் வெளியான 2018 ஜனவரியில், பிபிஎஃப்பின் மொழிபெயர்த்து இயக்கும் பகுதியே தாக்குதலுக்கு உதவியதால், அதை விட்டுவிட்டு ஜிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் தேர்வும் சேர்ந்தது. பக்க அட்டவணையையே எழுத முடிந்தவருக்கு மேலே சொன்ன எதுவும் தடையல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் டிரைவர் மாட்யூலிலிருந்து எக்ஸெக்மெம்மை அழைக்கலாமா?

முடியாது, மாட்யூல்களுக்கு அது ஏற்றுமதி செய்யப்படவில்லை. வேண்டுமென்றே அப்படி. வேகத்துக்காகக் கிளைகளை மாற்ற வேண்டுமென்றால் ஸ்டேடிக் கீ, மறைமுக அழைப்பைத் தவிர்க்க ஸ்டேடிக் கால், பயனர் தரும் தர்க்கத்தை ஓட்ட பிபிஎஃப். இந்த மூன்றுக்கும் அடங்காத தேவை என்றால் அதைக் கர்னல் அஞ்சல் பட்டியலில் எழுதிக் கேட்பதே வழி. சின்னங்களின் முகவரியைத் தேடிப்பிடித்து உள்ளே நுழைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அவர்களுடைய மாட்யூல் அடுத்த பதிப்பில் உடையும்போது அனுதாபம் வருவதில்லை.

என் இயந்திரத்தில் இரண்டு அனுமதியும் உள்ள பக்கம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கர்னலைத் தொகுக்கும்போது டீபக் டபிள்யூஎக்ஸ் என்ற தேர்வை இயக்குங்கள். தொடக்கத்தின் முடிவில் கர்னல் தன் பக்க அட்டவணை முழுவதையும் நடந்து பார்த்து, அப்படிப்பட்ட பக்கம் எதுவும் இல்லையென்று டிமெசேஜ் பதிவில் ஒரு வரி எழுதும். இருந்தால் முகவரியோடு எச்சரிக்கும். இந்தச் சோதனை நடப்பது அந்த ஒரு தருணத்தில்தான். பிறகு ஏற்றும் மாட்யூல்கள் இதில் அகப்படா. அவற்றுக்கு டீபக்எஃப்எஸ் கோப்பமைப்பில் கிடைக்கும் பக்க அட்டவணைப் பட்டியலைத் திறந்து, எழுதும் குறியும் இருந்து 'இயக்க முடியாது' என்ற குறி இல்லாத வரிகளைத் தேடிப் பாருங்கள்.